உறைநிலையில் நான்கு கருக்கள்: எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

கேள்வி:

மேடம், நாங்கள் மும்பை சயானில் இருக்கிறோம். சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். கல்யாணமாகி ஏழு வருடம் குழந்தை இல்லை. 2020-இல் ஐ.வி.எஃப் (சோதனைக்குழாய்க் குழந்தை) சிகிச்சை செய்தோம், அடுத்த வருடம் மகள் பிறந்தாள். மீதி நான்கு எம்ப்ரியோவை ஃப்ரீஸ் செய்து வைத்து, வருடா வருடம் பணம் கட்டி வருகிறோம். இப்போது எனக்கு 39 வயது. இன்னொரு குழந்தை வேண்டாம் என்று நானும் கணவரும் முடிவு செய்துவிட்டோம். கிளினிக்கில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். அதில் மூன்று கட்டங்கள்: தொடர்ந்து வைத்திருக்க, ஆராய்ச்சிக்குத் தர, அழிய விட. கணவர் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிடலாம் என்கிறார். அத்தைக்கு விஷயம் தெரிந்து, "அந்த நாலும் பாப்பா கூடப் பொறந்ததுங்க, கொன்னுடாதே" என்று போனில் அழுதார்கள். ஆராய்ச்சி என்றால் என்ன செய்வார்கள்? அதை வைத்து யாராவது குழந்தை உண்டாக்கிவிட்டால்? நான் செய்யப்போவது பாவமா? மூன்று மாதமாகப் படிவம் பீரோவில், பாப்பாவின் தடுப்பூசி அட்டைக்கு அடியில் கிடக்கிறது.

(பெயர் வேண்டாம், மும்பை)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இருபத்திரண்டு வருடமாக மும்பையில் கருவியல் ஆய்வகங்களில் வேலை பார்க்கிறேன். இந்தப் படிவத்தைச் சட்டென்று நிரப்பிக் கொடுத்த ஒரு தாயைக்கூட நான் பார்த்ததில்லை. குழந்தை வேண்டும் என்று வயிற்றில் ஊசி ஊசியாகப் போட்டுக்கொண்டபோது அசராதவர்கள், இந்த ஒரு தாளைக் கையில் வாங்கியதும் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். சிலர் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டு போன் நம்பரையும் மாற்றிவிடுவார்கள். அப்படிப் போனவர்களின் கருக்கள் இன்னும் டேங்கில் அவர்கள் பெயரோடு இருக்கின்றன. நீங்கள் மூன்று மாதம் எடுத்துக்கொண்டதில் ஒரு தப்பும் இல்லை. இன்னும் மூன்று மாதம் வேண்டுமென்றாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த நான்கும் இப்போது எங்கே, எப்படி இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன். கண்ணால் பார்க்காததைத்தான் மனசு பலவிதமாக நினைத்துப் பார்க்கும்.

ஆய்வகத்தின் ஒரு மூலையில் இடுப்புயரத்துக்கு அலுமினிய டேங்குகள் நிற்கும். பெரிய பால்கேன் மாதிரி. உள்ளே திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. மூடியைத் தூக்கினால் வெள்ளைப் புகை வழிந்து தரையில் இறங்கும். உள்ளே நீளக் கம்பிகள், கம்பியில் சின்னக் கிண்ணங்கள், கிண்ணத்தில் மெல்லிய பிளாஸ்டிக் குச்சிகள். குச்சியின் நுனியில், ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத ஒரு பட்டையில், ஒரு சொட்டுக்கும் குறைவான திரவத்தில் கரு ஒட்டிக்கொண்டிருக்கும். பிடியில் உங்கள் பெயர், கணவர் பெயர், எண், தேதி. நைட்ரஜன் குறைகிறதா என்று அளவுகோலை விட்டுப் பார்த்து நோட்டில் எழுதி வைப்போம். நீங்கள் கட்டும் பணம் இந்தக் காவலுக்குத்தான்.

உங்களுடையது ஐந்தாம் நாள் கரு என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் பாஷையில் பிளாஸ்டோசிஸ்ட். நூறு, இருநூறு செல்கள் சேர்ந்த உருண்டை, குறுக்களவு சுமார் 0.2 மில்லிமீட்டர். ஒரு ரவைத் துணுக்கைவிடச் சின்னது. வெளிச்சுற்றில் உள்ள செல்கள் பிற்பாடு நஞ்சுக்கொடியாகும். உள்ளே ஒரு ஓரமாகக் குவிந்திருக்கும் கொஞ்சம் செல்கள்தான் உடம்பாகும். இந்தக் கட்டத்தில் மூளை இல்லை, நரம்பு இல்லை, இதயம் இல்லை. வலியை அறிய ஒன்றுமே அங்கே உருவாகவில்லை. ஆனால் அந்தச் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்றால், ஆமாம், இருக்கின்றன. அதை மறைத்து, "வெறும் செல்தாம்மா, கவலைப்படாதீங்க" என்று தட்டிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. "வெறும்" என்றால் இத்தனை வருடம் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்திருக்க மாட்டோம்.

அதே சமயம் அவை நான்கு குழந்தைகளும் அல்ல. உருக்கி எடுத்துக் கர்ப்பப்பையில் வைத்தாலும் எல்லாம் ஒட்டாது. ஒட்டியதெல்லாம் தங்காது. இயற்கையாகக் கருக்கட்டும் கருக்களிலேயே கணிசமான பங்கு, தீட்டு தள்ளிப்போகும் முன்பே, அந்தப் பெண்ணுக்குத் தெரியாமலே கரைந்து போய்விடுகிறது. யாரும் அதற்காகத் துக்கம் அனுசரிப்பதில்லை, அனுசரிக்கவும் முடியாது.

அப்படியானால் அது என்ன? நம் வீட்டு வழக்கத்தையே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாள் தள்ளிப்போனதும் அத்தை என்ன சொல்லியிருப்பார்கள்? "மூணு மாசம் முடியட்டும், வெளியே சொல்லாதே." ஐந்தாம் மாதம் பூச்சூட்டல், ஏழிலோ ஒன்பதிலோ வளைகாப்பு. பிறந்த பிறகும் சில நாள் கழித்துத்தான் தொட்டிலிட்டுப் பேர் வைப்பது. ஒரு உயிர் நமக்குள் படிப்படியாக ஆளாகிறது என்பதை நம் பாட்டிகள் மைக்ராஸ்கோப் இல்லாமலே புரிந்து வைத்திருந்தார்கள். முதல் நாளே முழு மனிதன் என்று அவர்கள் நடத்தவில்லை, ஒன்றுமே இல்லை என்றும் நடத்தவில்லை. நானும் இந்த இடத்தில்தான் நிற்கிறேன். ஐந்து நாள் கருவுக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த மரியாதை, நான்கு வயது மகளின் மேல் நீங்கள் வைத்திருப்பதற்குச் சமமானதல்ல. உங்கள் அத்தை இதை ஏற்காமல் போகலாம். கத்தோலிக்கத் திருச்சபையும் ஏற்பதில்லை. கருத்தரித்த கணத்திலிருந்தே அது மனித உயிர் என்பது அவர்கள் நிலைப்பாடு.

உலகம் இன்னும் இதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. இத்தாலியில் 2004-இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒரு முறைக்கு மூன்று கருவுக்கு மேல் உண்டாக்கக்கூடாது, உண்டாக்கிய எல்லாவற்றையும் உள்ளே வைத்தே ஆகவேண்டும், உறைய வைக்கக்கூடாது என்று. பெண்களின் உடம்புதான் அவதிப்பட்டது. 2009-இல் அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதியை ரத்து செய்தது. அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு மருத்துவமனையின் கரு சேமிப்பு அறைக்குள் நோயாளி ஒருவர் நுழைந்து குச்சிகளைக் கையில் எடுத்தார். அந்தக் குளிரில் கை வெந்து கீழே போட்டுவிட்டார். கருக்கள் அழிந்தன. கருக்களின் பெற்றோர் வழக்குப் போட, 2024 பிப்ரவரியில் அந்த மாநில உச்ச நீதிமன்றம், உறைநிலைக் கருவும் சட்டப்படி குழந்தைதான் என்றது. சில நாட்களிலேயே அங்கே பல கிளினிக்குகள் ஐ.வி.எஃப்பை நிறுத்திவிட்டன. சிகிச்சையின் பாதியில் நின்ற பெண்கள் அழுததைச் செய்தியில் பார்த்து நானும் அழுதேன். அடுத்த மாதமே கிளினிக்குகளைப் பாதுகாக்க அந்த மாநிலம் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

சரி, ஆராய்ச்சிக்கு வருகிறேன். உங்கள் மகள் இன்று ஓடி விளையாடுகிறாள் என்றால், அதற்குப் பின்னால் ஆராய்ச்சிக்குத் தங்கள் முட்டையையும் கருவையும் கொடுத்த பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களில் பலருக்கு என்ன நடக்கிறது என்று ஒழுங்காகச் சொல்லப்படவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்தில் ஜான் ராக் என்ற மகப்பேறு மருத்துவர் இருந்தார். அவரே பக்தியுள்ள கத்தோலிக்கர். அவரும் ஆர்தர் ஹெர்டிக் என்ற நோய்க்கூறு நிபுணரும் 1938-இல் ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள். கர்ப்பப்பையை எடுக்கும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த பெண்களிடம், அதற்கு முன் கணவரோடு சேர்ந்த நாட்களைக் குறித்து வரச் சொன்னார்கள். எடுத்த கர்ப்பப்பைக்குள் மிக இளம் கரு இருக்கிறதா என்று தேடினார்கள். சுமார் 15 வருடத்தில் 210 பெண்கள், 34 கருக்கள். மனிதக் கருவின் முதல் இரண்டு வாரத்தைப் பற்றிப் பாடப்புத்தகங்களில் நாங்கள் படித்த படங்களில் பல அங்கிருந்து வந்தவை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது.

அதே ராக்கின் ஆய்வகத்தில் மிரியம் மென்கின் என்ற உதவியாளர், பெண்களிடமிருந்து கிடைத்த முட்டைகளை விந்தணுவோடு சேர்த்துக் கண்ணாடித் தட்டில் கருக்கட்ட வைக்க ஆறு வருடம் போராடினார். வாராவாரம் தோல்வி. 1944 பிப்ரவரியில் ஒரு நாள், முந்தின இரவெல்லாம் பல் முளைக்கும் கைக்குழந்தையோடு தூங்காமல் வந்திருக்கிறார். அசதியில் கடிகாரத்தைப் பார்க்க மறந்து, வழக்கமான அரை மணிக்குப் பதில் ஒரு மணி நேரம் சேர்த்தே வைத்துவிட்டார். அந்த வாரம் தட்டில் முட்டை இரண்டு செல்லாகப் பிரிந்திருந்தது. உடம்புக்கு வெளியே கருக்கட்டிய மனித முட்டை என்று உலகுக்கு அறிவிக்கப்பட்ட முதல் சம்பவம் அது. இதை நினைக்கும்போதெல்லாம், என் பெரியவன் கைக்குழந்தையாக இருந்தபோது முலுண்டிலிருந்து முதல் லோக்கல் ரயிலைப் பிடித்து வேலைக்கு வந்த நாட்கள் ஞாபகம் வரும்.

அதிலிருந்து முதல் குழந்தை பிறக்க இன்னும் 34 வருடம் ஆனது. 1978 ஜூலை 25, இங்கிலாந்தின் ஓல்டாம், லூயிஸ் பிரவுன். ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி மூவரின் உழைப்பு. எட்வர்ட்ஸுக்கு 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது. மற்ற இருவரும் அதற்குள் காலமாகிவிட்டார்கள். லூயிஸின் தாய் லெஸ்லிக்கு, தனக்கு முன்னால் இந்த முறையில் ஒரு குழந்தைகூடப் பிறந்ததில்லை என்பது அப்போது தெரிந்திருக்கவில்லை. அவரே பிற்பாடு சொன்னது. அந்தக் குழந்தையை நேசிக்கிற எவரும் இந்த விஷயத்தைச் சாதாரணமாகக் கடந்து போய்விடக்கூடாது.

நம் நாட்டுக் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. லூயிஸ் பிறந்து 70 நாளில், 1978 அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் துர்கா என்று அழைக்கப்பட்ட பெண் குழந்தை பிறந்தது. டாக்டர் சுபாஷ் முகர்ஜி (முகோபாத்யாய் என்றும் சொல்வார்கள்) அந்தக் கருவை உறைய வைத்து, உருக்கி, பிறகு தாயின் கர்ப்பப்பையில் வைத்திருந்தார். உறைநிலைக் கருவிலிருந்து குழந்தை என்பதை மற்ற நாடுகள் 1984-இல்தான், ஆஸ்திரேலியாவில், பார்த்தன. மாநில அரசு அமைத்த குழு முகர்ஜியை நம்பவில்லை. வெளிநாடு போய்ப் பேச அனுமதி மறுக்கப்பட்டது. கடைசியில் கண் மருத்துவப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். 1981 ஜூன் 19 அன்று அவர் தற்கொலை செய்துகொண்டார்.

நீங்கள் சயானில் லோக்கல் ஏறி தாதரைத் தாண்டினால் அடுத்தது பரேல். அங்கே கே.இ.எம். மருத்துவமனையில் 1986 ஆகஸ்ட் 6 அன்று பிறந்த ஹர்ஷாதான் பல வருடம் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று அறியப்பட்டாள். டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் விஞ்ஞானி டி.சி. ஆனந்த் குமாரும் அந்தச் சாதனைக்குப் பின்னால் இருந்தவர்கள். அந்த ஆனந்த் குமார்தான் பிற்பாடு முகர்ஜியின் குறிப்பேடுகளை வாங்கி வரிவரியாகப் படித்து, "முதல்" என்ற பெருமை முகர்ஜிக்கே உரியது என்று 1997-இல் பகிரங்கமாக எழுதினார். தன் தலையில் இருந்த கிரீடத்தைக் கழற்றி, இறந்துபோன ஒருவர் தலையில் வைத்த மாதிரி. என் தொழிலில் நான் கும்பிடுகிற மனிதர்களில் அவர் ஒருவர்.

இப்போது உங்கள் நேர்க்கேள்வி: என்ன செய்வார்கள்? கொடுக்கப்பட்ட கருவை உருக்கி, தட்டில் வளர்த்து, கவனிப்பார்கள். சில ஆய்வுகள் கரு ஏன் நின்றுபோகிறது, ஏன் கலைகிறது என்று பார்ப்பவை. லண்டனில் கேத்தி நியாகன் என்பவரின் குழு, தம்பதிகள் தானமாகக் கொடுத்த மீதிக் கருக்களில் ஒரு மரபணுவை முடக்கி, ஏழு நாள் வரை மட்டும் வளர்த்துப் பார்த்தது. அந்த மரபணு இல்லாமல் கரு ஐந்தாம் நாள் உருவத்தை ஒழுங்காக எட்டுவதில்லை என்று 2017-இல் வெளியிட்டார்கள். எலியில் அது வேறு மாதிரி வேலை செய்கிறது என்பதால், மனிதக் கருவில் பார்க்காமல் இது தெரிய வழியே இல்லை. இன்னொரு வகை, ஸ்டெம் செல். கருவின் உள்ளே குவிந்திருக்கும் செல்களை எடுத்து வளர்த்தால், அவை உடம்பின் எந்தத் திசுவாகவும் மாறக்கூடியவை. 1998-இல் ஜேம்ஸ் தாம்சன் அமெரிக்காவில் முதலில் செய்தார். நம் பரேலிலேயே, தேசிய இனப்பெருக்க ஆரோக்கிய ஆராய்ச்சி நிறுவனத்தில், கிண்ட்-1, கிண்ட்-2 என்று இரண்டு செல் வரிசைகளை (தட்டில் தொடர்ந்து பெருகிக்கொண்டே போகும் ஸ்டெம் செல்களை) உருவாக்கியிருக்கிறார்கள். பெங்களூரின் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில், உள்ளே வைக்கத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட தரம் குறைந்த கருக்களிலிருந்தே இரண்டு வரிசைகள் கிடைத்தன. எந்த வகையானாலும் ஆய்வு முடிந்ததும் அந்தக் கரு இருக்காது. இதைக் கூட்டாமல் குறைக்காமல் அத்தையிடமும் சொல்லுங்கள்.

எத்தனை நாள் வரை வளர்க்கலாம்? பதினான்கு. பிரிட்டனில் தத்துவ அறிஞர் மேரி வார்னாக் தலைமையில் 1982-இல் அமைத்த குழு, 1984-இல் இந்த எல்லையைச் சொன்னது. 1990-இல் அது அங்கே சட்டமானது. பதினைந்தாம் நாள் வாக்கில் கருவில் ஒரு கோடு தோன்றும். தலைப்பக்கம் எது, கால்பக்கம் எது என்று அப்போதுதான் ஏற்படுகிறது. அதுவரை ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையர் ஆகக்கூட முடியும். அதாவது, இது ஒரு ஆளா இரண்டு ஆளா என்பதே முடிவாகாத காலம். நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) வழிகாட்டு நெறிகளும் அதே 14 நாளைத்தான் வைத்திருக்கின்றன. 1984-இல் யாராலும் அத்தனை நாள் வளர்க்க முடியாது, அதனால் எல்லை வகுப்பது எளிதாக இருந்தது. 2016-இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 13-ஆம் நாள் வரை வளர்த்துவிட்டார்கள். 2021-இல் சர்வதேச ஸ்டெம் செல் ஆராய்ச்சிச் சங்கம் இந்தத் தடையைத் தன் அளவில் தளர்த்தியது. எனக்கு இதில் தயக்கம் இருக்கிறது. கருவைக் கொடுத்த பெண்கள் ஒரு எல்லையை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எல்லையை நகர்த்துவதானால் முதலில் அவர்களைக் கேட்க வேண்டும்.

யாராவது குழந்தை உண்டாக்கிவிட்டால் என்று பயந்தீர்கள். 2021-இன் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் 2022 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. உபயோகிக்காத கருவை அதே பெண்ணுக்காக மட்டுமே வைத்திருக்க வேண்டும், வேறு தம்பதிக்கோ பெண்ணுக்கோ பயன்படுத்தக்கூடாது என்று அதில் இருக்கிறது. உங்கள் படிவத்தில் "வேறொரு தம்பதிக்குத் தர" என்ற நான்காவது கட்டம் இல்லாததற்கும் அதுதான் காரணம். கருவை விற்கக்கூடாது, ஆராய்ச்சிக்காக வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. ஆய்வகத்தில் கையாண்ட கருவை எந்தக் கர்ப்பப்பையிலும் வைக்கக்கூடாது என்று ஐ.சி.எம்.ஆர். நெறிகள் தடுக்கின்றன. சேமிப்புக்கும் வரம்பு உண்டு, அதிகபட்சம் 10 வருடம். அதற்குப் பிறகு அழிய விட வேண்டும், அல்லது உங்கள் சம்மதத்தோடு, இச்சட்டப்படி பதிவுபெற்ற ஆராய்ச்சி அமைப்புக்குத் தர வேண்டும். உங்களுடையது 2020 என்பதால், எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுகிறார்கள் என்று கிளினிக்கில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆக, முதல் கட்டத்தில் டிக் அடித்தாலும் கேள்வி தள்ளித்தான் போகும், தீராது.

என் சொந்த அனுபவத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இருந்த ஒரு இடத்தில், பதினொரு பக்கச் சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும். முட்டை எடுக்கும் நாள் காலையில், கையில் ட்ரிப்ஸ் ஊசி ஏற்றிய பிறகு நீட்டுவார்கள். தாராவியிலிருந்து வந்த ஒரு அக்கா, திருநெல்வேலிக்காரர், எழுதப் படிக்கத் தெரியாதவர். கட்டைவிரலில் மையைத் தடவி ஒவ்வொரு பக்கத்திலும் வைக்கச் சொன்னார்கள். ஒன்பதாவது பக்கத்தில் மீதிக் கருவை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம் என்ற வரி இருந்தது. அதைத் தமிழில் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவள் நான்தான், அங்கே வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. வேலைக்குப் புதிது, பயம், சொல்லவில்லை. பிற்பாடு சொல்லி, அந்தப் பக்கத்தை மாற்றி எழுத வைத்தேன், ஆனால் அந்த விரல்ரேகை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து தமிழ் தெரிந்த யார் வந்தாலும், படிவத்தை முந்தின வாரமே கொடுத்து நானே உட்கார்ந்து படித்துக் காட்டுகிறேன்.

எனவே, ஆராய்ச்சிக்குக் கொடுப்பது நல்ல காரியம் என்று நினைக்கிற நான், வெறுமனே "ஆராய்ச்சிக்கு" என்று எழுதியிருக்கும் கட்டத்தில் டிக் அடிக்காதீர்கள் என்றும் சொல்வேன். எந்த நிறுவனம், என்ன ஆய்வு, அது சட்டப்படி பதிவு பெற்றதா, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது என்று கேளுங்கள். ஸ்டெம் செல் வரிசை உண்டாக்குவார்களா என்று தனியாகக் கேளுங்கள். அந்தச் செல்கள் உங்களுக்குப் பின்னும் பல வருடம் ஆய்வகங்களில் வாழக்கூடியவை, உங்கள் மரபணு அதில் இருக்கும். மரபணு மாற்றம் வேண்டாம், ஸ்டெம் செல் வேண்டாம், மற்றது சரி என்று பிரித்துச் சொல்லும் உரிமை உங்களுக்கு வேண்டும். ஆய்வு தொடங்கும் முன் மனம் மாறினால் யாருக்கு எழுத வேண்டும் என்பதையும் வாங்கி வையுங்கள். உங்கள் கையெழுத்தும் கணவர் கையெழுத்தும் இரண்டுமே தேவை. அவர் சரி என்பதால் நீங்களும் சரி என்று ஆகிவிடாது. கேட்டதற்குப் பதில் வராவிட்டாலோ, "அதெல்லாம் ஃபார்மாலிட்டிம்மா" என்று சிரித்தாலோ, மூன்றாவது கட்டமே மேல்.

மூன்றாவது கட்டம் எப்படி நடக்கும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நாங்கள் இரண்டு பேர் நிற்போம். ஒருவர் குச்சியை வெளியே எடுப்பார், மற்றவர் பெயரையும் எண்ணையும் உரக்கப் படிப்பார், இருவரும் கையெழுத்துப் போடுவோம். உயிர்ப்பிக்க வேண்டுமானால் வெதுவெதுப்பான திரவத்தில் நொடிக் கணக்கில் இறக்க வேண்டும். அதைச் செய்யாமல் அறை வெப்பத்தில் மேசைமேல் வைத்துவிடுவோம். சில நிமிடம்தான். தட்டில் பார்த்தால் சுருங்கிய ஒரு புள்ளி. அந்த நேரத்தில் எங்கள் ஆய்வகத்தில் ரேடியோவை நிறுத்திவிடுவோம். யாரும் உத்தரவு போட்டதில்லை, தானாக வந்த பழக்கம். சில தாய்மார்கள் அன்றைக்குத் தேதி மட்டும் கேட்டு வைத்துக்கொண்டு, வீட்டில் விளக்கேற்றுவார்கள். ஒருவர் குச்சியில் ஒட்டிய பெயர்ச் சீட்டைக் கேட்டு வாங்கிப்போனார். கர்ப்பம் தங்க வாய்ப்பில்லாத நாளாகப் பார்த்து உள்ளே வைத்துவிடுங்கள், என் உடம்புக்குள்ளேயே போகட்டும் என்று கேட்பவர்களும் உண்டு. எல்லா இடத்திலும் செய்ய மாட்டார்கள், செலவும் ஆகும், ஆனால் அத்தையின் மனசுக்கு அதுதான் ஆறுதல் என்றால் உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

பாவமா என்று கேட்டீர்கள். நான் சாஸ்திரம் படித்தவள் இல்லை. ஆனால் இத்தனை வருடம் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்ற முறையில் என் மனசாட்சிப்படி சொல்கிறேன், இல்லை. ஒரு பிள்ளைக்காக ஐந்து விளக்கு ஏற்றினீர்கள், ஒன்று நின்று எரிகிறது. மற்ற நான்கையும் காலம் முழுக்கக் கைக்குள் பொத்தி வைத்திருக்க உங்களால் முடியாது.

அத்தையிடம் போனில் பேச வேண்டாம். அவர்கள் ஊரிலிருந்து வரும்போதோ நீங்கள் போகும்போதோ, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். உங்கள் கிளினிக் அனுமதித்தால் ஐந்தாம் நாள் கருவின் படம் ஒன்றை வாங்கிக் காட்டுங்கள். பார்த்த பிறகு பல பெரியவர்கள் தணிந்து பேசியதை நான் கண்டிருக்கிறேன். தணியாவிட்டாலும் பரவாயில்லை, அழட்டும், நீங்களும் கூட அழுங்கள். ஆனால் அந்தப் பேச்சு நடக்கும்போது பாப்பாவைக் கீழே விளையாட அனுப்பிவிடுங்கள். கூடப் பிறந்த நாலு பேர் எங்கேயோ குளிரில் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால், அந்த வயதுக் குழந்தை ராத்திரி போர்வையை எடுத்துக்கொண்டு வந்து, அவங்களுக்கு யார் போர்த்திவிடுவாங்க என்று கேட்கும்.